அக்காவுக்காக ஒட்டியும் வெட்டியும்

ஒரே மேடையில், ஒரே குரலில், ஒரே பொருளைத் தூக்கி நிறுத்தவும் கீழே தள்ளவும் தெரிந்தவர்களுக்கென்று ஒரு பேச்சுப் போட்டி உண்டு. ஒட்டியும் வெட்டியும் பேசுதல் என்பது அதன் பெயர். பேச்சாளர் முதலில் தலைப்பை ஒட்டிப் பேசத் தொடங்குவார். நடுவர் மணியடித்ததும், சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதுவரை தாம் கட்டியதையெல்லாம் தாமே வெட்டிப் பேச வேண்டும். மறுபடி மணி விழுந்தால் மறுபடி ஒட்ட வேண்டும். மணி எப்போது விழும் என்பது நடுவர் ஒருவருக்கே தெரியும். தடுமாறாமல் திரும்புகிறவருக்குப் பரிசு.

கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நான் இந்தப் போட்டியின் மாவட்டச் சுற்றுக்குத் தேர்வானேன். எங்கள் கல்லூரியிலிருந்து தேர்வானவள் நான் ஒருத்திதான் என்பதைச் சொல்வதில் எனக்கு இன்றும் கூச்சமில்லை. பேச்சு எனக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்டதன்று, உழைத்துப் பெற்றது. மூச்சை எங்கே தேக்குவது, குரலை எங்கே இறக்குவது, கைத்தட்டலுக்கு எவ்வளவு இடம் விட்டு அடுத்த சொல்லை எடுப்பது என்பதையெல்லாம் பள்ளி நாள்களிலிருந்தே பழகி வந்தவள் நான். தலைப்பும் முன்னதாகவே கைக்கு வந்துவிட்டது: அணுமின்சாரம் நமக்கு வேண்டும். படித்த மாத்திரத்தில் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஒட்டுவதற்கும் வெட்டுவதற்கும் இவ்வளவு தாராளமாக இடம் கொடுக்கும் தலைப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்!

எங்கள் வீடு மரக்காணத்தில், குடியிருப்பின் கடைசி வரிசையில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் உப்பளம். பாத்தி பாத்தியாகக் கண்ணாடி பரப்பியதுபோல் வெள்ளை நிலம். அதன் வரப்பில், கீற்றும் தார்ப்பாயும் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் உப்பு அம்பாரங்கள். அவற்றைவிடச் சிறந்த அவை எனக்கு எந்தக் கல்லூரியிலும் அமைந்ததில்லை. நடுவில் எழுந்து போவதில்லை, கைபேசியைப் பார்ப்பதில்லை. பருவத் தேர்வு முடிந்த விடுமுறை அது. வரப்பின் மேட்டில் ஏறி நின்று, நாள்தோறும் அந்த அம்பாரங்களைப் பார்த்து, “அறிவார்ந்த அவையோரே!” என்று தொடங்குவேன்.

பயிற்சிக்கு நான் வகுத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. ஒட்டிப் பேச இதமான குரல் வேண்டும். அது விடியலில்தான் வரும். வெட்டிப் பேச அனல் வேண்டும். அது வெயில் ஏறிய பிறகு தானாக வந்துவிடும். ஆகவே விடியலில் ஒட்டுவேன். உச்சிவேளையை நெருங்கும்போது வெட்டுவேன்.

இந்த முறை எங்கள் வீட்டின் வேலை நேரத்தோடு எப்படிப் போய் மோதியது என்பதைச் சொல்லியாக வேண்டும். உப்பள வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். அம்மாவும் அப்பாவும் கோழி கூவுமுன்பே கிளம்பி, தொலைவில் உள்ள பாத்திகளுக்குப் போய்விடுவார்கள். அப்பா உப்பு வாருவார்; அம்மா கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள். வெயில் தலைக்கு ஏறும் வேளையில் இருவரும் திரும்புவார்கள். அக்காவின் நாள் இதற்கு நேர் எதிர். திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்த அவள், விடியலில் எழுந்து சோறு கட்டிக்கொண்டு பேருந்து ஏறினால் மாலையில்தான் வருவாள். ஆகவே என் ஒரே பேச்சை இரண்டு தரப்பினர் ஆளுக்குப் பாதியாகக் கேட்டு வந்தார்கள். ஒட்டிய பாதி முழுவதும் அக்காவின் காதில் விழுந்தது. வெட்டிய பாதி முழுவதும், கால் கழுவக் குழாயடியில் நிற்கும் அம்மாவின் காதிலும் அவளோடு வேலைக்குப் போய்வரும் எதிர்வீட்டு அத்தையின் காதிலும் விழுந்தது. மறுபாதி என்று ஒன்று இருப்பதே இரு தரப்புக்கும் தெரியாது.

விடியலின் என் பேச்சு இப்படிப் போகும்:

“காற்று நின்றால் காற்றாலை நிற்கும். கதிர் மறைந்தால் சூரியத் தகடு உறங்கும். நிலக்கரி எரிந்தால் ஊரின் நுரையீரல் கருகும். இரவென்றும் பகலென்றும் பாராமல், புகை கக்காமல், கைப்பிடி எரிபொருளில் ஊருக்கே ஒளியூட்ட வல்லது அணு! எங்கள் உப்பளத்தைப் பாருங்கள். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் பாத்திக்கு உவர்நீர் ஏறாது. உவர்நீர் ஏறாவிட்டால், வெயில் வெறும் வெயில்தான், உப்பாகாது!”

அக்கா சன்னலில் தலையை நீட்டி, சீப்பும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். “ஏய், அந்த வெயில் டயலாக் செம்மடி” என்று ஒருநாள் கத்தினாள். அக்கா பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். அளவிடும் கருவிகளைப் பற்றிய படிப்பு அது. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், கைபேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். விளையாட்டாகச் சொல்லுவாளே தவிர, அது அவளுக்குள் எவ்வளவு கனத்தது என்பது எனக்குத் தெரியும்.

வெயில் ஏறிய பிறகோ, நான் வேறொருத்தி:

“தீ வந்தால் சுடும்; விலகுவோம். வெள்ளம் வந்தால் இரையும், ஓடுவோம். சுடாமல், இரையாமல், மணக்காமல், உடம்புக்குள் குடியேறும் கதிர்வீச்சிடமிருந்து எப்போது விலகுவோம், எங்கே ஓடுவோம்? கண்ணுக்குத் தெரியாத பகைவனோடு கைகுலுக்கும் தொழில் இது! நாம் ஒரு தலைமுறை விளக்கேற்றிக்கொள்ள, அடுத்தடுத்த தலைமுறைகள் கண்விழித்துக் காவல் காக்க வேண்டிய கழிவை யார் மடியில் கட்டிவிட்டுப் போகிறோம்? உலையின் பக்கத்துக் கடலில் விளைந்த உப்பு என்று ஒரே ஒரு வதந்தி கிளம்பட்டும். அம்பாரம் அம்பாரமாக மழையில் கரையும், அள்ள ஆளிருக்காது!”

குழாயடியில் செம்பு கீழே விழும் சத்தம் கேட்டது. “எப்பா! கேக்கவே ஒடம்பு சிலுக்குதுடி” என்றாள் அத்தை. அம்மா ஒன்றும் சொல்லாமல் காலைத் தேய்த்தபடி கடலிருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பேச்சாளருக்கு அந்த அமைதியைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது. அன்று நான் இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

போட்டி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மாலை. அப்பாவும் அம்மாவும் பகல் உறக்கம் தெளிந்து, பின்கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து அக்கா ஓடி வருகிற சத்தம் தெரு முழுவதும் கேட்டது. வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

“அம்மா! எனக்கு வேலை கெடச்சிடுச்சு!”

“ஏற்கெனவே வேலைக்குத்தான போற?” என்றாள் அம்மா.

“அது இல்லம்மா. இது என் படிப்புக்கு வேலை! மீட்டரு, மானிட்டரு எல்லாம் கரெக்டா காட்டுதான்னு செக் பண்ற வேலை. கான்ட்ராக்ட் கம்பெனிதான், ஆனா வேலை பக்காவா நம்ம லைன்ல. திங்கக்கெழம வரச் சொல்றாங்க. வர்றியா இல்லியான்னு நாளைக்குக் காலைல சொல்லிடணும்.”

“எங்கம்மா?” என்று அப்பா கேட்டார்.

“கல்பாக்கம்ப்பா. அணுமின் நிலையத்துல.”

கீரை உருவிய அத்தையின் கை நின்றது. அம்மா மெல்ல எழுந்து, அக்காவின் தோளிலிருந்து பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். பிறகு சொன்னாள்: “வேணாம்.”

“இன்னாம்மா, வேணாம்?”

“கண்ணுக்குத் தெரியாத பகைவனோட கை குலுக்குற தொழிலு அது. எம் பொண்ணு போவ வேணாம்.”

அக்கா விழித்தாள். பிறகு அவளும் சளைக்காமல், “புகை கக்காம, கைப்பிடி எரிபொருள்ல ஊருக்கே ஒளி குடுக்குதும்மா!” என்றாள்.

“ஒரு தலைமுறை விளக்கேத்த, மத்த தலைமுறைலாம் காவல் காக்கணுமா?” என்று அத்தை பாய்ந்தாள்.

“மோட்டார் ஓடலன்னா வெயில் வெறும் வெயில்தான் அத்தை, உப்பாவாது!”

அப்பா ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். “ஏம்மா, ரெண்டு கட்சியும் உன் டயலாக்கயே பேசுதே! நீ எந்தக் கட்சிக்குப் பேச்சு எழுதிக் குடுத்த?”

மறைக்காமல் சொல்கிறேன்: முதல் நொடியில் எனக்குத் தோன்றியது பெருமிதம்தான். என் வாக்கியங்கள் ஒரு சொல்கூடச் சிந்தாமல் இரண்டு பக்கமும் நின்று போரிட்டன! எந்த மேடையிலும் என் பேச்சு இப்படி வேலை செய்ததில்லை. அடுத்த நொடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சற்றுமுன் ஓடி வந்தபோதிருந்த ஒளி அதிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொள்வார்கள். அம்மா ஒப்பாமல் அக்கா போகமாட்டாள் என்பது அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் குரலை உயர்த்தவேயில்லை.

“நீதானடி சொன்ன? தெனமும் சொன்னியே!” என்று அம்மா என்னைக் கேட்டாள்.

“அது பாதிம்மா. இன்னொரு பாதி காலைல பேசுவேன். நீ அளத்துக்குப் போயிருப்ப.”

“எனக்கு அந்தப் பாதிதான் தெரியும்” என்றாள் அக்கா. சட்டென்று அவள் குரல் மாறியது. “ஏய், இப்ப பேசு. ரெண்டு பாதியும் ஒண்ணா பேசு. எல்லாரும் கேக்கட்டும். வா வரப்புக்கு!”

“பேசட்டும்” என்றாள் அம்மா. “ஆனா மணி எங்கையிலதான் இருக்கும்.”

எவர்சில்வர் தட்டும் கரண்டியும் மணியாயின. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர், என்ன சண்டை என்று பார்க்க வந்தவர்கள், பேச்சென்று தெரிந்ததும் வரப்பில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேற்கே வெயில் சாய்ந்து, பாத்திகளெல்லாம் செம்பு நிறத்தில் தகதகத்தன. என் இதயம் துள்ளியது. மாவட்டச் சுற்று எனக்கு அந்த நிமிடம் சின்னதாகிப் போனது. மேட்டில் ஏறி நின்றேன்.

“அறிவார்ந்த அவையோரே! காற்று நின்றால் காற்றாலை நிற்கும்...”

டங்!

அவ்வளவுதான், ஒரு வாக்கியம். பழகிய நாக்கு உடனே திரும்பியது: “நிற்கட்டும்! நின்ற காற்றாலையால் ஒரு ஊரும் காலியானதில்லை! ஜப்பானில் கடல் ஏறி வந்து உலைகளைக் குலைத்தபோது, ஊர் ஊராக மனிதர்கள் உடுத்திய துணியோடு கிளம்பினார்கள். அடுப்பில் உலை கொதிக்கும்போதே வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள், திரும்பி வந்து திறக்க எத்தனை காலம் காத்திருந்தார்கள்!” கூட்டத்தில் உச்சுக் கொட்டும் ஒலி. நான் மூச்செடுத்துத் தொடர்ந்தேன், தொடர்ந்துகொண்டேயிருந்தேன், மணி விழவேயில்லை.

“அம்மா! மணி!” என்று அக்கா கத்தினாள்.

“கேட்டுக்கினு இருக்கேன்ல” என்றாள் அம்மா.

“இது போங்காட்டம்! வேணும்னு சொன்னா ஒடனே டங்குங்குது, வேணாம்னு சொன்னா தட்டு தூங்குது!”

வரப்பு முழுவதும் சிரிப்பு. அம்மாவுக்கும் உதடு துடித்தது. மனமின்றி ஒரு தட்டு தட்டினாள். நான் ஒட்டிப் பாய்ந்தேன். புற்றுநோய்க்கு மருத்துவமனைகளில் கதிர் மருந்தாவதைச் சொன்னேன். ஆழிப்பேரலை வந்த ஆண்டில், வடக்கே உள்ள அந்த நிலையத்துக்குள்ளும் கடல்நீர் வந்ததையும், உலையைப் பத்திரமாக நிறுத்திவைத்ததையும் சொன்னேன். அலையைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் யாரும் அசையவில்லை. டங்! கடல் ஒருமுறை மன்னித்தால் மறுமுறையும் மன்னிக்குமா என்றேன். டங்! மன்னிப்பை நம்பியன்று, கட்டிய சுவரை நம்பி என்றேன். டங்! சுவரைக் கட்டியவரும் மனிதர்தானே என்றேன். மணி விழ விழ எனக்கு வேகம் ஏறியது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பேச்சென்றால் இதுதான், இதற்காகத்தான் பிறந்தோம் என்று உடம்பெல்லாம் சொல்லியது.

அந்த வேகத்திலேயே வெட்டலின் உச்சத்துக்கு வந்தேன். போட்டிக்கென்று தனியாகச் செதுக்கி வைத்திருந்த பகுதி அது. “உழைக்கப் போகிறவள் ஒருத்தி, ஆனால் அவள் மட்டுமா போகிறாள்? நாளை அவள் வயிற்றில் வரப்போகும்...”

டங்!

கரண்டி தட்டில் விழவில்லை; அறைந்தது. வெட்டும் பக்கத்தை அம்மா இப்படிப் பாதி வாக்கியத்தில் நிறுத்தியது அதுவே முதல்முறை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத விட்டுடு” என்றாள். “அந்தப் பேச்சு வேணாம். எம் பொண்ணு உக்காந்திருக்கா.”

மணி விழுந்தால் திரும்ப வேண்டும் என்பது விதி. திரும்ப வாக்கியமும் கையில் இருந்தது. அம்மா தட்டை மடியிலிருந்து எடுத்து வரப்பில் கவிழ்த்து வைத்தாள்.

“சரி. ரெண்டு பக்கமும் கேட்டாச்சு. நல்லாதான் பேசற. இப்ப சொல்லு, நீ எந்தப் பக்கம்?”

ஒட்டியும் வெட்டியும் பேசும் போட்டியில் அந்தக் கேள்வியை எந்த நடுவரும் கேட்பதில்லை. கடைசி மணி எந்தப் பக்கத்தில் விடுகிறதோ அந்தப் பக்கத்திலேயே வணங்கி இறங்கிவிடலாம். அத்தனை நாள் அத்தனை பேசிய நான், எனக்கென்று ஒரு முடிவை அதுவரை கட்டியிருக்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கி, அக்காவின் அருகில் உட்கார்ந்தேன். நின்று பேசி மட்டுமே பழகிய எனக்கு, உட்கார்ந்து பேசுவது புதிதாக இருந்தது.

“நாடு எட போடுறது வேற, நாம எட போடுறது வேறம்மா” என்று தொடங்கினேன். “புதுசா இன்னொண்ணு கட்டலாமான்னு என்னக் கேட்டா, அந்தக் கழிவ இன்னா பண்ணப் போறீங்கன்னு கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுவேன். அதுக்கு எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்புற பதில் கெடைக்கல. ஆனா அங்க இருக்கறது ஏற்கெனவே ஓடிக்கினு இருக்குது. அதுல வர்ற கரன்ட்டும் கலந்துதான் நம்ம மோட்டார் ஓடுது. அக்கா போனாலும் ஓடும், போகலன்னாலும் ஓடும். அங்க இருக்கற மீட்டர யாராவது ஒருத்தர் பாத்துத்தான் ஆவணும். கேஸ் மூடியிருக்குதான்னு பஸ் ஸ்டாப்புலேர்ந்து திரும்பி வந்து பாக்குறவ இவ. அந்த மீட்டர இவ பாக்குறான்னு தெரிஞ்சா, எனக்கு இன்னும் கொஞ்சம் நல்லா தூக்கம் வரும்.”

என் வாழ்க்கையில் நான் பேசியவற்றில் அலங்காரமே இல்லாத பேச்சு அதுதான். கைத்தட்டல் எழவில்லை. அக்கா என் முழங்காலைக் கிள்ளினாள், வலித்தது.

“அவ நல்லாதான் பாப்பா” என்றாள் அம்மா. “அவள யாரு பாப்பா?”

அக்கா இதற்காகவே காத்திருந்தவள்போல் நிமிர்ந்தாள். பாலிடெக்னிக்கில் படித்தபோது ஒருமுறை அவளையும் வகுப்பையும் அந்த நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். “அங்க உள்ள போற எல்லாருக்கும் நெஞ்சுல ஒரு அட்டை மாட்டிவுடுவாங்கம்மா. பெரிய ஆபீசரு, கூட்டிப் பெருக்குறவங்க, கான்ட்ராக்ட் ஆளு, எல்லாருக்கும். ஒடம்புல எவ்ளோ கதிர் பட்டுச்சுன்னு அதுல பதிவாயிடும். அப்பறம் அத வாங்கி மெஷின்ல வெச்சுப் பாப்பாங்க. இவ்ளோதான்னு ஒரு அளவு இருக்குது. அதத் தாண்டற மாதிரி இருந்தா, அந்த எடத்துக்கு அனுப்ப மாட்டாங்க.”

“அளந்தா கொறஞ்சிடுமா?”

“கொறையாது. ஆனா எப்ப நிறுத்தணும்னு தெரியும்.”

அம்மா பாத்திகளைப் பார்த்தாள். சாய்ந்த வெயிலிலும் உப்பு கண்ணைக் குத்தியது. அவள் இமைகள் பழக்கத்தால் தாமாகச் சுருங்கின. “வெயில்ல இந்த உப்பு மின்னுறதப் பாத்துப் பாத்து எனக்கும் உங்கப்பனுக்கும் கண்ணு போவுது. எவ்ளோ போச்சுன்னு எங்களுக்கு யாரும் அட்டை மாட்டி அளக்கல” என்றாள்.

“அதனாலதான் அவ போவட்டும்னு சொல்றேன்” என்றார் அப்பா.

“நீ சும்மா இரு. நான் இன்னும் சரின்னு சொல்லல.” அம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள். “அந்த அட்டை இன்னா சொல்லுதுன்னு ஒவ்வொரு வாட்டியும் எனக்குச் சொல்லணும். பாத்தவொடனே சொல்லணும். மறைச்சன்னு தெரிஞ்சுதுன்னா, அன்னிக்கே வந்து முடியப் புடிச்சு இழுத்துக்கினு வந்துடுவேன். கேட்டுல எவன் நின்னாலும் சரி.”

“அம்மா! அப்ப சரியா?”

“மொதல்ல செருப்பக் கழட்டு. ஒண்ணு மாட்டிக்கினு ஒண்ணு இல்லாம நிக்கிற.”

அக்கா கத்திய கத்தலில், வரப்போரம் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எல்லாம் ஒரே வீச்சில் கிளம்பின. ஒற்றைச் செருப்போடு அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். இருவரும் பாத்திக்குள் சரிந்து, கணுக்கால் வரைக்கும் உவர்நீரில் நின்றோம். “ஏய், உப்பக் கெடுக்காதீங்கடி!” என்று அத்தை திட்டினாள், திட்டிக்கொண்டே சிரித்தாள். நாளைக் காலை வரைக்கும் எங்கே பொறுப்பது? நனைந்த கையை என் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, அங்கேயே நின்று அக்கா அந்தக் கம்பெனிக்காரரைக் கைபேசியில் அழைத்துப் பேசினாள். “வர்றேன் சார். திங்கக்கெழம வர்றேன். ஆமா சார், வீட்ல சொல்லிட்டேன். எல்லாரும் சரின்னுட்டாங்க.” எல்லாரும் என்ற சொல்லில் அம்மா ஒரு முறை முறைத்தாள்.

அடுத்த வாரம் நடந்த மாவட்டச் சுற்றில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர் கடைசி மணியை அடித்தபிறகு, விதிக்குப் புறம்பாக, என் முடிவு இதுவென்று இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னேன். அதற்காக மதிப்பெண் குறைத்தார்கள். அந்தத் தீர்ப்பை நான் இன்றும் ஏற்கவில்லை. எடைபோட்ட ஒருவர் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லாமல் இறங்குவது, எடைபோட்டதாகவே ஆகாது என்பது என் கட்சி.

அக்கா வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தோழிகளோடு அறையெடுத்துத் தங்கினாள். முதல்முறை அட்டையைப் படித்த அன்று, சொன்ன சொல் தவறாமல் அம்மாவை அழைத்தாள். உப்பள வேலை முடிந்து வந்த களைப்பிலும், கைபேசியின் ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி அம்மா அதை என் கையில் பிடிக்கக் கொடுத்தாள்.

“அம்மா, அட்டைல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்குது!”

நான் துள்ளிக் குதிக்கப் போனேன். அம்மா நெற்றியைச் சுருக்கினாள். “ஒண்ணுமே இல்லியா? அந்த மெஷினு வேலை செய்யுதா?”

வெட்டிப் பேசுவதில் வல்லவள் என்று பெயரெடுத்த எனக்கு, எத்தனை நாள் செதுக்கியும் அப்படி ஒரு வெட்டு தோன்றியிருக்காது. மறுமுனையில் அக்காவின் சிரிப்பு குலுங்கியது. “செய்யுதும்மா. தெரிஞ்ச அளவு ஒண்ண வெச்சு, அது அதே அளவக் காட்டுதான்னு அடிக்கடி பாப்பாங்க. எங்க மெஷின நாங்களும் அப்படித்தான் பாக்குறோம். அதான் எனக்கு வேலையே.”

“அப்ப நீ பாத்தது சரியான்னு யாரு பாக்குறது?”

“எனக்கு மேல ஒரு மேடம் இருக்காங்க. நான் பாத்தத அவங்க மறுபடி பாப்பாங்க.”

“அவங்க பாத்தத?”

“அம்மா!”

“இன்னா அம்மா? கேக்கக் கூடாதா?”

பின்னணியில் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், வர்றேன் என்று அவள் பதில் சொல்லுவதும் கேட்டன. பிறகு, அவள் புதிதாகக் கற்றுக்கொண்ட வேலையின் பெருமிதம் முழுவதும் குரலில் ஏறிவர, சொன்னாள்:

“கேக்கலாம்மா. நீ கேட்டுக்கினே இரு. இங்க நாங்களும் தெனமும் அதத்தான் கேட்டுக்கினு இருக்கோம்.”